குப்பிக்குள் என்ன இருந்தது?

போடிநாயக்கனூர்க்காரனிடம் ஏலக்காய் வாசனை எப்படி இருக்கும் என்று கேட்காதீர்கள். அவனுக்குத் தெரியாது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் மூக்கை நிமிர்த்தி, "ஊரே மணக்குதே" என்பார்கள். நாங்கள் சிரித்துக்கொண்டே தலையாட்டுவோம். எங்களுக்கு அங்கே டீசல் மணக்கும், பரோட்டாக் கடை மணக்கும், மேற்கே மலையில் மழை பிடித்தால் மண் மணக்கும். ஏலக்காய் மட்டும் மணக்காது.

மூக்கு அப்படித்தான் வேலை செய்கிறது. ஒரே வாசனை விடாமல் வந்துகொண்டிருந்தால் சில நிமிடங்களில் அதைப் பொருட்படுத்துவதை நிறுத்திவிடும். புதிதாக ஏதாவது வந்தால் சொல்ல வேண்டுமே, அதற்காக இடத்தைக் காலி செய்துகொள்கிறது.

அம்மா முப்பது வருடத்துக்கு மேல் ஏலக்காயோடு இருந்தாள். நான் சிறுவனாக இருந்தபோது வெள்ளனா எழுந்து, தூக்குவாளியில் சோறு கட்டிக்கொண்டு, ஜீப்பில் போடிமெட்டு ஏறி, கேரளப் பக்கத்துத் தோட்டங்களில் காய் எடுக்கப் போவாள். முழங்கால் ஒத்துழைக்காமல் போன பிறகு, ஊருக்குள்ளேயே ஒரு ஏலக்காய் ஸ்டோரில் தரம் பிரிக்கும் வேலைக்கு மாறினாள். அவளிடம் ஏலக்காய் மணத்தது என்பதே எனக்குப் பதினெட்டு வயதில்தான் தெரியும். கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் சேர்ந்த முதல் வாரம், போர்த்திக்கொள்ள அம்மா கொடுத்துவிட்ட பழைய சேலையை ஹாஸ்டல் கட்டிலில் விரித்தேன். பக்கத்துக் கட்டில்காரன் எழுந்து உட்கார்ந்து, "யாருடா பாயசம் கொண்டாந்தது?" என்றான். அன்றைக்குத்தான் முதல்முறையாக எனக்கும் அந்த வாசனை வந்தது.

இதை நான் மறந்தே போயிருந்தேன். நினைவுபடுத்தியது ரோமானியக் கண்ணாடி.

*

2018 தொடக்கத்தில் அலுவலக வேலையாக ஜெர்மனியில் மூன்று மாதம் இருந்தேன். ஒரு சனிக்கிழமை கொலோன் நகரத்துக்குப் போனேன். பேராலயத்தை எல்லோரையும் போல அண்ணாந்து பார்த்துவிட்டு, குளிர் தாங்காமல் பக்கத்தில் இருந்த ரோமானிய-ஜெர்மானிய அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தேன். ரோமானியக் கண்ணாடிப் பொருட்களுக்கு உலகத்திலேயே பேர்போன இடங்களில் அது ஒன்று என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டதுதான். ரோமானியர் காலத்தில் கொலோனே பெரிய கண்ணாடித் தொழில் நகரம்.

பெரிய கிண்ணங்களையும் ஜாடிகளையும் தாண்டி ஒரு மூலையில் சின்னக் குப்பிகள் வரிசையாக நின்றன. விரல் நீளம்தான். அடியில் ஒரு துளி போல உப்பிய வயிறு, அதற்கு மேல் ஒல்லியான நீளக் கழுத்து. நம் ஊரில் ஜவ்வாதும் அத்தரும் விற்கும் சின்ன பாட்டில்களைப் பார்த்தவர்களுக்கு அது அந்நியமாகவே இருக்காது. வாசனைத் தைலம் வைத்த குப்பி, முதல் நூற்றாண்டு, கல்லறையில் கிடைத்தது. பக்கத்து அட்டை சொன்னது அவ்வளவுதான்.

குப்பியின் மேல் வானவில் நிறங்கள் ஓடின. மயிற்கழுத்து போல நீலமும் பச்சையும் ஊதாவும். எந்த ரோமானியப் பெண் இதைக் கையில் வைத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாளோ என்று கொஞ்ச நேரம் கற்பனை செய்தேன். அந்தக் கற்பனை தவறு. ரோமானியர்கள் அந்த நிறங்களைப் பார்த்ததே இல்லை. மண்ணுக்குள் நூற்றாண்டுகளாகக் கிடக்கும்போது ஈரம் கண்ணாடியிலுள்ள காரத்தை அரித்து, மேற்பரப்பு மெல்லிய ஏடுகளாகப் பிரிகிறது. அந்த ஏடுகளில் பட்டுத் திரும்பும் ஒளி அலைகள் ஒன்றோடொன்று குறுக்கிடுவதால் வரும் நிறம் அது. அதாவது கண்ணாடியின் நோய். செய்த அன்று அந்தக் குப்பி பெரும்பாலும் வெறும் வெளிறிய நீலப்பச்சையாக இருந்திருக்கும். மணலில் இருந்த இரும்பு தரும் நிறம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவின் லூயிஸ் கம்ஃபர்ட் டிஃபனி அந்த நோயின் அழகில் மயங்கி, அதையே புதுக் கண்ணாடியில் வரவழைத்து விற்றார்.

இல்லாத ஒன்றை அந்தக் குப்பியில் பார்த்த முதல் சந்தர்ப்பம் அது. இன்னொன்று பிறகு வரும்.

*

கண்ணாடி அதற்கு ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது. ஆனால் ஒரு குப்பி செய்ய, களிமண் கருவின் மேல் உருகிய கண்ணாடியை இழை இழையாகச் சுற்றி, ஆறிய பிறகு உள்ளே இருக்கும் கருவைச் சுரண்டி எடுக்க வேண்டும். வசதி படைத்தவர்களுக்கு மட்டுமே கட்டுப்படியாகும் வேலை. கி.மு. முதல் நூற்றாண்டில் சிரியா-பாலஸ்தீனப் பகுதியில் யாரோ ஒருவர் குழாயின் நுனியில் உருகிய கண்ணாடியை எடுத்து, மறுமுனையில் வாய் வைத்து ஊதினார். பலூன் போல உப்பியது. அவ்வளவுதான். நாள்கணக்கான வேலை நிமிடக்கணக்கில் முடிந்தது. ரோமில் ஒரு செப்புக் காசுக்குக் கண்ணாடிக் கோப்பை வாங்கலாம் என்று அடுத்த தலைமுறையில் ஸ்ட்ராபோ எழுதுகிறார்.

குப்பிக்குள் இருந்ததன் விலை வேறு. கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்துபோன மூத்த பிளினி, தன் 'இயற்கை வரலாறு' நூலின் பதின்மூன்றாம் புத்தகத்தில் வாசனைத் தைலங்களைப் பற்றிப் பேசுகிறார். சில தைலங்கள் ஒரு ராத்தலுக்கு 400 தெனாரியஸுக்கு மேல் விலை போகின்றனவாம். ரோமானிய ராத்தல் என்பது ஏறக்குறைய 327 கிராம். அன்றைக்கு ஒரு சாதாரணப் படைவீரனின் வருடச் சம்பளம் 225 தெனாரியஸ். ஒரு செப்புக் காசுக் குப்பிக்குள் ஒருவனுடைய பல மாத உழைப்பு இருந்திருக்கலாம்.

பிளினிக்கு இதில் கடுமையான கோபம். அவருடைய வாதத்தை என் வார்த்தைகளில் சொன்னால் இப்படி வரும்: ஆடம்பரங்களிலேயே உபயோகமற்றது வாசனைதான். முத்தும் ரத்தினமும் பிள்ளைகளுக்குப் போகும். துணிகூடக் கொஞ்ச காலம் உழைக்கும். வாசனையோ பூசிய அன்றைக்கே செத்துப்போகும். அதைவிட மோசம், பூசிக்கொண்டவருக்கே அது மணக்காது. அவ்வளவு காசு கொடுத்து வாங்குவது அடுத்தவருடைய இன்பத்தை.

இந்த இடத்தைப் படித்தபோதுதான் ஹாஸ்டல் கட்டிலும் அம்மாவின் சேலையும் திரும்பி வந்தன. பூசிக்கொண்டவருக்கு மணக்காது. பிளினி சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் அவர் நினைத்தது காசு கொடுத்துப் பூசிக்கொண்ட சீமாட்டியை. காசு வாங்கிக்கொண்டு பூசப்பட்டவர்கள் அவர் கணக்கில் இல்லை.

*

அவர்கள் யார், எங்கே இருந்தார்கள் என்பதற்குப் போடியில் இருந்துகொண்டே கொஞ்சம் பதில் சொல்லலாம். போடிமெட்டில் நின்றால் மழை இரண்டாகப் பிரியும். கிழக்கே விழுவது கொட்டக்குடி ஆற்றில் இறங்கி, வைகையில் சேர்ந்து, மதுரை தாண்டி, கீழடி தாண்டி, ராமநாதபுரம் கடற்கரையில் அழகன்குளம் பக்கம் போகிறது. மேற்கே விழுவது ஏலமலைகளின் ஓடைகள் வழியாகப் பெரியாற்றில் கலந்து, முசிறி என்று கருதப்படும் பட்டணம் இருக்கும் கரையோரம் அரபிக்கடலுக்குப் போகிறது. இரண்டு இடத்திலும் தோண்டியவர்களுக்கு ரோமானிய மதுச்சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. பட்டணத்தில் ரோமானியக் கண்ணாடிக் கிண்ணங்களின் துண்டுகளும் கிடைத்தன; 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டிய அரிக்கமேட்டிலும் கிடைத்தன. யவனரின் கப்பல்கள் பொன்னோடு வந்து மிளகோடு போனதை அகநானூறு பாடியிருக்கிறது. 'எரித்திரியக் கடலின் பெரிப்ளுஸ்' என்ற கிரேக்க மாலுமி நூல், மேற்குக் கரைத் துறைமுகங்களில் இறங்கிய சரக்குகளில் பண்டமாகாத கச்சாக் கண்ணாடியையும் சேர்க்கிறது.

ஆக, கண்ணாடி இங்கே வந்தது, வாசனை அங்கே போனது. ஏலக்காயும் போனதா? பிளினி பார்த்திய அரசர்களுக்கான ராஜதைலத்தின் சேர்மானங்களை அடுக்கும்போது 'கார்தமோமம்' என்ற பெயரையும் சொல்கிறார். அது நம் ஏலக்காய்தானா என்று அறிஞர்களுக்குள் சண்டை இருக்கிறது. ஊர்ப்பாசத்தில் நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. அவர் குறித்திருக்கும் விலையைப் பார்த்தால் நல்ல ரகமே ராத்தலுக்கு 3 தெனாரியஸ்தான், மிளகைவிடக் குறைவு. மூலப்பொருளுக்கு 3, குப்பிக்குள் போன கலவைக்கு 400. நடுவில் கப்பல், வரி, வட்டி, வியாபாரி, கலந்தவனின் கைவண்ணம், வாங்குகிறவளின் ஆசை எல்லாம் இருக்கின்றன. காய் பறித்தவரின் பெயர் எங்கேயும் இல்லை. குப்பியை ஊதியவரின் பெயரும் இல்லை. முதல் நூற்றாண்டில் என்னியோன் போன்ற சிலர் மட்டும் தங்கள் அழகிய கண்ணாடிப் பாத்திரங்களில் இதைச் செய்தவன் நான் என்று பெயர் பொறித்தார்கள். விரல் நீளக் குப்பிகளை ஊதியவர்களுக்கு அதற்கெல்லாம் நேரம் இருந்திருக்காது. மூச்சை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள். சில குப்பிகளில் குமிழியாக அது இன்னும் இருக்கிறது.

*

இப்போது இல்லாததைப் பார்த்த இரண்டாவது கதை.

இந்தக் குப்பிகள் ஐரோப்பாவில் கல்லறைகளிலிருந்து ஏராளமாக வெளிவந்தபோது, அவை ஏன் அங்கே இருக்கின்றன என்ற கேள்விக்கு அழகான பதில் ஒன்று உருவானது: கண்ணீர்க் குப்பிகள். இறந்தவருக்காக அழுதவர்கள் தங்கள் கண்ணீரைப் பிடித்து, மூடி, உடலோடு புதைத்தார்கள். 'லாக்ரிமேட்டரி' என்று பெயரே வைத்துவிட்டார்கள். விவிலியத்தின் 56ஆம் சங்கீதத்தில் கண்ணீரைச் சேர்த்து வைக்கும்படி கடவுளிடம் கேட்கும் இடம் ஒன்று உண்டு. அது இந்தக் கதைக்குத் துணை நின்றது. ஆனால் மூலத்தில் உள்ள சொல்லுக்குத் தோல்பை என்று பொருள். தமிழ் விவிலியம் 'துருத்தி' என்று சரியாகவே போட்டிருக்கிறது.

வேதியியலாளர்கள் குப்பிகளின் உள்சுவரைச் சுரண்டிப் பார்த்தபோது எண்ணெயும் கொழுப்பும்தான் கிடைத்தன. தைலம். உடலுக்குப் பூசியதில் மிச்சம், அல்லது வழியனுப்பக் கூடவே வைத்தது. 2019இல் ஸ்பெயினின் கார்மோனா நகரில் ஒரு வீட்டு வேலையின்போது ரோமானியக் கல்லறை ஒன்று திறந்தது. முப்பதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட வயதுள்ள ஒரு பெண்ணின் சாம்பல் இருந்த தாழிக்குள், படிகக்கல்லில் குடைந்த ஒரு சின்னக் குப்பி. மூடி அசையாமல் இருந்தது. கோர்தோபா பல்கலைக்கழகக் குழு உள்ளே இருந்ததைச் சோதித்து 2023இல் முடிவை வெளியிட்டது. தாவர எண்ணெயில் கலந்த பச்சோலி. இந்தியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் வளரும் செடி. அதன் ஆங்கிலப் பெயரே தமிழிலிருந்து போனது என்கின்றன அகராதிகள். இரண்டாயிரம் வருடம் கழித்து ஒரு ரோமானியப் பெண்ணின் வாசனை தெரியவந்தபோது, அது நம் பச்சிலையாக இருந்தது.

கண்ணீர்க் கதை இன்னும் சாகவில்லை. இணையத்தில் தேடினால் கண்ணீர் பிடிக்கும் குப்பிகளைப் புதிதாகச் செய்து விற்கிறார்கள். எனக்கு அவர்களைப் பார்த்து நகைக்கும் தகுதி இல்லை. நானும் ஒன்றைச் செய்தேன்.

*

கொலோனிலிருந்து அம்மாவுக்கு ஒரு பாட்டில் வாங்கினேன். 1709இல் ஃபரினா என்ற இத்தாலியர் அந்த ஊரில் தொடங்கிய வாசனைத் தொழிலின் வாரிசுகள் இன்றும் பேராலயத்தைச் சுற்றிக் கடை விரித்திருக்கிறார்கள். ஏப்ரல் கடைசியில் ஊருக்கு வந்து கொடுத்தேன். அம்மா மூடியைத் திருகி மோந்து பார்த்தாள்.

"ஏய்யா, இது ஓடிகொலான்ல! காய்ச்சலுக்குத் துணிய நனச்சு நெத்தியில போடுவாகளே."

"அதேதான்மா. அது இந்த ஊர்ச் சரக்கு."

"இதுக்கு எம்புட்டு?"

பாதி விலை சொன்னேன். அதற்கே திட்டினாள்.

அம்மா 2022இல் இறந்தாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து வீட்டை ஒழித்தபோது அந்தப் பாட்டில் காலியாகக் கிடைத்தது. ஜன்னலில் வைத்துப் படம் எடுத்தேன். அன்றிரவு ஃபேஸ்புக்கில் ஒரு பதிவு எழுதினேன். மகன் தூரதேசத்திலிருந்து வாங்கி வந்த வாசனையை ஒரு தாய் நான்கு வருடம் துளித்துளியாகச் செலவழித்தாள், தீர்ந்த பிறகும் குப்பியைத் தலைமாட்டிலேயே வைத்திருந்தாள் என்று. வாழ்நாளெல்லாம் பிறருக்காக மணத்தவள் தனக்காக வைத்திருந்த ஒரே வாசனை என்று முடித்திருந்தேன். நான் எழுதியவற்றிலேயே அதிகம் பேர் பகிர்ந்தது அதுதான். உங்களில் சிலரும் படித்திருக்கலாம்.

மறுநாள் திருப்பூரிலிருந்து அக்கா போன் செய்தாள்.

"தம்பி, அந்தப் பாட்டில் எங்க தலமாட்டுல கெடந்துச்சு? அடுப்படி ஷெல்ஃபுல இருந்துச்சுடா. அம்மா அதுல நீலகிரித் தைலம்ல ஊத்தி வச்சிருந்துச்சு."

"அப்ப சென்ட்டு?"

"அது அந்த வருச வீரபாண்டித் திருவிழாவுலயே தீந்துபோச்சு. கூட வேல பாக்குறவுக அம்புட்டுப் பேருக்கும் ஆளுக்குக் கொஞ்சம் ஊத்தி விட்டுச்சு. ஜீப்பே மணக்க, ஒரே சிரிப்பு. ஸ்டோருக்குப் பூசிக்கிட்டுப் போக முடியுமா? காய்ல வாசன ஏறிரும்னு மேஸ்திரி வைவாரு."

நான் பேசாமல் இருந்தேன்.

"ராத்திரி முட்டிக்குத் தேய்க்காமப் படுக்காது. மாசத்துக்கு ரெண்டு தைலம். ஒனக்குத் தெரியாதா?"

தெரியாது. முழங்கால் வலியால்தான் மலை வேலையை விட்டாள் என்று தெரியும். வேலை மாறியதும் வலியும் போய்விட்டது என்று நானாக முடிவு செய்திருந்தேன். போனில் கேட்டால், "நல்லாருக்கேன்யா" என்பாள். அதை அப்படியே வாங்கி வைத்துக்கொண்டேன். 2019 ஆகஸ்டில், முந்தைய வருட வெள்ளத்தில் தோட்டங்கள் அழிந்ததால், ஏலத்தில் காய் கிலோ 7,000 ரூபாய் தொட்டது. பெங்களூரில் இருந்துகொண்டு அம்மாவுக்குப் போன் செய்து, "உங்க ஊர்க் காய் தங்கமாயிருச்சும்மா" என்றேன். "எங்களுக்கு அதே கூலிதான்யா" என்று சிரித்தாள். அன்றைக்கும் தைலம் தேய்த்துக்கொண்டுதான் படுத்திருப்பாள்.

*

இதில் என்ன பெரிய தப்பு என்று கேட்கலாம். நானே என்னிடம் கேட்டுக்கொண்டேன். யாருக்கும் நஷ்டமில்லை. இறந்தவளை அது புண்படுத்தாது. படித்தவர்கள் தங்கள் அம்மாக்களுக்குப் போன் செய்திருக்கலாம். துக்கத்தில் இருப்பவனுக்கு ஒரு கதை தேவைப்பட்டது, எடுத்துக்கொண்டான். பொய் சொல்ல வேண்டும் என்று எழுதவும் இல்லை. காலிக் குப்பியைப் பார்த்ததும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றியது. கண்ணீர்க் குப்பி என்று பெயர் வைத்தவர்களுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

என் தொழிலில் வெறுமை இரண்டு வகை. ஒன்று எம்ப்டி ஸ்ட்ரிங்: பார்த்தாயிற்று, உள்ளே ஒன்றுமில்லை என்று தெரியும். இன்னொன்று நல்: உள்ளே என்ன என்று இன்னும் யாரும் பார்க்கவில்லை. இந்த இரண்டையும் குழப்புவது புதிதாக வருகிறவர்கள் செய்யும் பிழை. அதைவிட மோசமான பிழை ஒன்று உண்டு, அதை அனுபவஸ்தர்கள்தான் செய்வோம். நல் வரும் இடத்தில் ஒரு டீஃபால்ட் மதிப்பைப் போட்டுவிடுவது. புரோகிராம் நிற்காமல் ஓடும். திரையில் எல்லாம் சரியாகத் தெரியும். ஆனால் அந்த இடம் காலியாக இருந்தது என்பதே இனி யாருக்கும் தெரியாது. அதனால் யாரும் தேடவும் மாட்டார்கள்.

அழகான பொய்யின் தீங்கு இதுதான் என்று நினைக்கிறேன். அது காலி இடத்தில் வந்து உட்காருவதில்லை. ஏற்கெனவே அங்கே இருந்ததை எழுப்பிவிட்டுத்தான் உட்காருகிறது. கண்ணீர் என்று சொன்ன பிறகு குப்பிக்குள் இருந்த எண்ணெய் யார் வீட்டு எண்ணெய், எந்த மலையிலிருந்து போனது என்று கேட்கத் தோன்றாது. என் பதிவில் அம்மாவுக்கு ஒரு மகன் இருந்தான், அவன் வாங்கித் தந்த பரிசு இருந்தது. முட்டி இல்லை. கூட வேலை பார்த்த பெண்கள் இல்லை. ஜீப் முழுக்க மணந்த அந்த ஒரு நாள் இல்லை. அன்பைப் பற்றி எழுதுவதாக நினைத்து, அன்பு நடந்த இடங்களையெல்லாம் அழித்திருந்தேன். மிச்சம் நின்றவன் நான் ஒருவன்தான்.

அக்கா சொன்ன பிறகு எனக்கு இன்னொரு ஆசை வந்தது. அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அப்படியானால் இது நிஜமாகவே வலியின் குப்பிதான், உழைக்கும் வர்க்கத்தின் கண்ணீர்க் குப்பி என்று இன்னொரு பதிவு எழுதிவிடலாமே என்று. முதல் பதிவைவிட அதிகம் பேர் பகிர்ந்திருப்பார்கள். ஆனால் அதுவும் டீஃபால்ட் மதிப்புதான். அம்மா தன் வேலையை அழுதுகொண்டு செய்தவள் இல்லை. ஏழு மில்லிக் காயையும் எட்டு மில்லிக் காயையும் சல்லடை இல்லாமல் விரலாலேயே பிரிப்பாள். வெடித்த காய், சொறிக்காய், வெளுத்த காய் மூன்றும் அவள் கை பட்டதும் தானாக ஒதுங்கும். அதில் அவளுக்குக் கர்வம் உண்டு. மேஸ்திரி மற்றவர்களின் குவியலைக் கிளறிப் பார்ப்பார், அம்மாவின் குவியலைப் பார்க்காமலே தாண்டிப் போவார். அதை வீட்டுக்கு வந்து இரண்டு தடவை சொல்வாள். அந்தக் கர்வமும் அந்த முட்டி வலியும் ஒரே ஆளிடம் இருந்தன. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைக்க எனக்கு உரிமை இல்லை.

பிளினியிடம் எனக்குள்ள புகாரும் இதுவே. வாசனை ஒரு நாளில் செத்துப்போகும், ஆகவே வீண் என்றார். மிஞ்சி நிற்பதுதான் மதிப்பு என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கின்படி குப்பி ஜெயித்துவிட்டது. இரண்டாயிரம் வருடம் நின்று, வானவில்லும் பூசிக்கொண்டு, அருங்காட்சியகத்தில் தனி விளக்கின் கீழ் இருக்கிறது. அடுத்தவருடைய இன்பத்தைக் காசு கொடுத்து வாங்குவதை அவர் முட்டாள்தனம் என்றார். நான் வாங்கி வந்த பாட்டிலை அம்மா அதற்குத்தான் பயன்படுத்தினாள். ஒரு நாளைக்கு, ஒரு ஜீப் நிறையப் பேருக்கு. அது வீண் என்று எனக்குத் தோன்றவில்லை. மிச்சமில்லாமல் செலவாவதற்கென்றே சில பொருட்கள் இருக்கின்றன. அவற்றுக்கு நாம் செய்ய வேண்டியது ஒன்றுதான். காலிக் குப்பி கையில் கிடைத்தால் உள்ளே என்ன இருந்தது என்று தெரிந்தவர்களிடம் கேட்பது. ரோமானியக் குப்பிக்கு வேதியியல் ஆய்வகம் வேண்டும். எனக்கு அக்காவுக்கு ஒரு போன் போதுமாக இருந்தது. எழுதுவதற்கு முன்பு செய்திருக்க வேண்டிய போன்.

*

பழைய பதிவை நீக்கவில்லை. நீக்கினால் தவறு நடந்ததே தெரியாமல் போகும். அதன் அடியில் நடந்ததைச் சேர்த்து எழுதினேன். பகிர்ந்தவர்களில் மிகச் சிலர்தான் திரும்பி வந்து பார்த்தார்கள்.

போன கோடை விடுமுறைக்கு அக்கா மகள் போடிக்கு வந்திருந்தாள். ஏழாம் வகுப்பு. பள்ளியில், வீட்டிலுள்ள பழைய பொருள் ஒன்றைப் பற்றி எழுதிவரச் சொல்லியிருந்தார்கள். அலமாரியைத் துழாவி அந்தப் பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"மாமா, அம்மாச்சி இதுல என்ன வச்சிருந்தாங்க?"

மூடியைத் திறந்து நீட்டினேன். மோந்து பார்த்தாள். "தைலம்."

இருவரும் சேர்ந்து ஒரு அட்டை எழுதினோம். கண்ணாடிக் குப்பி. கொலோன், ஜெர்மனி. 2018. முதலில் சென்ட்: ஒரு ஜீப் ஆட்களுக்கு, ஒரு திருவிழாவுக்கு. பிறகு நீலகிரித் தைலம்: ஒருவருக்கு, நான்கு வருடம், முழங்கால் வலிக்கு.

எழுதி முடித்துவிட்டுப் பேனாவைக் கடித்துக்கொண்டு கேட்டாள், "அம்மாச்சிக்கு ஏன் மாமா முட்டி வலிச்சுச்சு?"

அதற்குப் பதில் சொல்ல, ஏலச்செடி எப்படிக் காய்க்கும் என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. பெரிய செடி, ஆள் உயரத்துக்கு மேலே வளரும். ஆனால் காய் மேலே இருக்காது. தூரடியில், தரையோடு தரையாகப் படரும் சரத்தில் இருக்கும். எடுக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு செடிக்கும் குனிய வேண்டும், இல்லாவிட்டால் முட்டி மடக்கி உட்கார வேண்டும். பிறகு எழுந்து அடுத்த செடிக்குப் போக வேண்டும்.